கரித்தொட்டி வாசலில் ஒரு பயந்தாங்கொள்ளி

கரித்தொட்டிக்குள் இருக்கும் காற்றுதான் எங்கள் ஜில்லாவிலேயே சுத்தமான காற்று என்று வேலைக்குச் சேர்ந்த முதல் ஒன்றரை வருடம் நம்பினேன். சும்மா நம்பவில்லை. சளி பிடித்த நாட்களில், யாரும் பார்க்காத நேரமாகப் போய்க் கரி கழுவும் தொட்டியின் மூடியைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, நாலு மூச்சு நன்றாக இழுத்துவிட்டு வருவேன். வெளியே எடுத்ததும் தலை லேசாகச் சுற்றும். மருந்து வேலை செய்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

என் யோசனையில் எனக்குக் குறை தெரியவில்லை. நாங்கள் செய்வது தேங்காய்ச் சிரட்டைக் கரி. சிரட்டையைச் சுட்டு, நீராவியில் மறுபடி வாட்டி, அமிலத்தில் கழுவி, மூட்டை கட்டி அனுப்புகிறோம். அது தண்ணீர் வடிகட்டிக்குப் போகிறது, விஷவாயு முகமூடிக்குப் போகிறது. கெட்டதையெல்லாம் இந்தக் கரி பிடித்து வைத்துக்கொள்ளும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அப்படியானால் கரித்தொட்டிக்குள் மிச்சம் இருப்பது நல்ல காற்றாகத்தானே இருக்க வேண்டும். கரிக்கு நல்லது கெட்டது பிரிக்கத் தெரியும் என்று நினைத்த ஒரே தொழிலாளி நான்தான்.

சங்கரன்கோவிலுக்கு வெளியே இருக்கும் அந்தக் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, ஐம்பத்து மூன்றாவது வயதில் விருப்ப ஓய்வு பெற்றேன். விருப்பம் கம்பெனியுடையது. தொட்டிக்குள் ஆள் இறங்காமலே ஈரக் கரியைத் தண்ணீரோடு உறிஞ்சி எடுக்கும் குழாய் ஒன்று வந்து இறங்கியது. ஆள் இறங்காத தொட்டிக்கு வாசலில் காவல் எதற்கு? அந்தக் காவல்தான் என் வேலை.

போன மாதம் கம்பெனிப் பையன்களின் வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி. "அண்ணாச்சி, நீங்க தொட்டிக்குள்ள குதிச்சு இசக்கி அண்ணனத் தோள்ல போட்டுத் தூக்கிட்டு வந்தியல்லா, அந்தக் கதைய எழுதிக் குடுங்க. பாதுகாப்பு வாரத்துக்கு போர்டுல ஒட்டணும்."

நான் எந்தத் தொட்டிக்குள்ளும் குதித்ததில்லை. என்னோடு வேலை பார்த்த இசக்கி தொண்ணூறு கிலோ. என் தோளில் துண்டே ஒழுங்காக நிற்காது. கதை எப்படி இவ்வளவு தூரம் வளர்ந்தது என்று எனக்குத் தெரியாது. நடுவில் நான் சும்மா இருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். அதனால் எழுதுகிறேன்.

பயிற்சிக் காலம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஆறு மாதம் சிரட்டை தள்ளினேன். ஆறு மாதம் மூட்டை தைத்தேன். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று ஆய்வகத்தில் எண்களை எழுதிவைக்க அனுப்பினார்கள். அங்கேதான் ஜமீலா மேடம்.

மேடம் எங்கள் கெமிஸ்ட். கடையநல்லூரிலிருந்து தினம் பஸ்ஸில் வருவார். என்னைவிட இரண்டு வயது சின்னவர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. திட்டவும் மாட்டார். கேள்வி கேட்பார். நாம் பதில் சொன்னதும் "பெறகு?" என்பார். அதற்கும் பதில் சொன்னால் மறுபடி "பெறகு?" மூன்றாவது "பெறகு"க்குள் நாம் செய்த தப்பை நாமே சொல்லியிருப்போம். போலீஸ் ஸ்டேஷன்களில் இவரை உட்காரவைத்தால் லத்திக்கு வேலை இருக்காது.

ஆய்வகத்தில் ஒரு சோதனை உண்டு. வளைந்த கண்ணாடிக் குழாயில் கரியைப் போட்டு எடை பார்ப்போம். ஒரு ரசாயனத்தின் ஆவியை அதன் வழியாக விடுவோம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குழாயை எடுத்து மறுபடி எடை. எடை ஏறிக்கொண்டே போகும். இனி ஏறவில்லை என்றால் கரிக்கு வயிறு நிறைந்துவிட்டது. எவ்வளவு ஏறியதோ அதுதான் அந்தக் கரியின் தரம்.

முதல் நாள் குழாயைக் கையில் எடுத்தேன். சூடாக இருந்தது. கீழே அடுப்பு இல்லை, விளக்கு இல்லை, கரி மட்டும் தானாகச் சூடாகிக்கொண்டிருக்கிறது. கரி சூடானால் என்ன ஆகும் என்று சிரட்டை சுட்டவனுக்குச் சொல்லித்தர வேண்டாம். குழாயைத் தண்ணீர்த் தொட்டியில் எறிந்துவிட்டுக் கதவைத் தாண்டி, மாமரத்தைத் தாண்டி, எடைமேடை வரைக்கும் ஓடினேன். மேடம் பின்னாலேயே நடந்து வந்தார்.

"ஏன் ஓடுனீய?"

"தீ மேடம்."

"தீ எங்க?"

"வரப்போகுது மேடம்."

"பெறகு?"

மேடம் ஆய்வகத்துக்குத் திரும்பக் கூட்டிப்போய், வேறு குழாயில் அதையே செய்து, என் கையில் பிடிக்கக் கொடுத்தார். மறுபடி சூடு வந்தது. கொஞ்ச நேரத்தில் தானாக ஆறியது.

"ஆடித்தபசு அன்னைக்குத் தேர் வீதியில நிக்கிற கூட்டத்தப் பாத்திருப்பியல்லா? கூட்டம் எங்க உக்காருது?"

"படியில, மொட்டமாடியில, சுவத்துமேல, எங்க இடம் கெடைக்குதோ அங்க."

"சுவத்துக்குள்ள யாராவது போறாங்களா?"

"எப்படிப் போக முடியும் மேடம்?"

"அதான். ஆவி கரிக்குள்ள ஊறிப்போகல. கரிக்குள்ள கோடிக்கணக்குல ஓட்டை இருக்கு. ஒவ்வொரு ஓட்டைக்கும் சுவர் இருக்கு. அந்தச் சுவத்துல ஒட்டி உக்காருது. ஓடிட்டுக் கெடந்தது உக்காரும்போது கையில இருக்குற வேகத்த எறக்கி வைக்கும். அந்தச் சூடுதான் உங்கள எடைமேடை வரைக்கும் வெரட்டுச்சு."

இதே மேடம்தான் இன்னொரு நாள், என் தலை கழுவுதொட்டிக்குள் இருக்கும்போது பின்னால் வந்து நின்றார். நான் சளியைப் பற்றியும் சுத்தக் காற்றைப் பற்றியும் விளக்கினேன். மேடம் சிரிக்கவில்லை. உள்ளங்கை அளவு மஞ்சள் மீட்டர் ஒன்றை எடுத்துவந்து, நூலில் கட்டி, என் தலை இருந்த ஆழத்துக்கு இறக்கினார். அது கத்த ஆரம்பித்தது. ஆக்சிஜன் நூற்றுக்கு இருபத்தொன்று இருக்க வேண்டிய இடத்தில் பதினாலு காட்டியது.

"ஈரக் கரிக்கு நல்லது கெட்டது தெரியாது," என்றார். "மூடி வச்ச தொட்டியில ஆக்சிஜனையும் சுவத்துல உக்கார வச்சுரும். மிச்சம் நிக்கிறதுக்கு மணம் இல்ல, நெறம் இல்ல. இழுத்தா உள்ள போகும். ஆனா ஒண்ணுக்கும் ஆகாது. அடியில இன்னும் கொறையும், அங்க ரெண்டு மூச்சு போதும், ஆள் சாய்ஞ்சிருவான். எத்தன மூச்சு இழுப்பிய?"

"நாலு மேடம்," என்றேன். அந்த நாலு மூச்சையும் திருப்பிக் கொடுத்துவிட முடியுமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

இதற்குப் பிறகுதான் தொட்டிக்காவல் என்ற வேலையை மேடம் உருவாக்கினார். கழுவிய கரியை வடியவிட்ட பிறகு சில சமயம் அடியிலுள்ள வாய் அடைத்துக்கொள்ளும். ஒரு ஆள் உள்ளே இறங்கிக் கம்பியால் குத்தி விட வேண்டும். அவன் உள்ளே இருக்கும்வரை வாசலைவிட்டு நகராமல் ஒருவன் நிற்க வேண்டும். யார் என்று முடிவு செய்ய எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஒரே கேள்வி கேட்டார்: உள்ளே இருப்பவன் மயங்கி விழுந்துவிட்டால் என்ன செய்வீர்கள்?

எல்லாரும் உடனே உள்ளே குதித்துத் தூக்குவோம் என்றார்கள். இசக்கியின் தம்பி பரமசிவன், "உசுரக் குடுத்தாவது தூக்கிருவேன் மேடம்," என்று நெஞ்சைத் தொட்டுச் சொன்னான்.

என் முறை வந்தது.

"ஓடிருவேன் மேடம்."

"எங்க?"

"உங்ககிட்ட."

"போறதுக்கு முன்னால?"

"அபாயச் சங்க அமுக்குவேன். நெறைய பேர் வரணும்லா. தனியா நிக்க எனக்குப் பயம்."

"உள்ள குதிக்க மாட்டியளா?"

"எனக்குக் கிணத்த எட்டிப் பாத்தாலே வேர்க்கும் மேடம்."

மேடம் காகிதத்தில் என் பெயரை எழுதிவிட்டார். வெளியே பரமசிவனுக்குக் கோபம். "அண்ணாச்சியவிட நான் எதுல கொறஞ்சி போயிட்டேன்?" என்று கேட்டான். மேடம் சொன்னது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. "தொட்டியில ஒருத்தன் விழுந்தா சாகுறது பெரும்பாலும் ஒருத்தன் மட்டும் இல்ல. காப்பாத்தப் போனவனும் சேர்த்துத்தான். குதிக்கவே முடியாத ஆள் ஒருத்தர் எனக்கு வாசல்ல வேணும்."

இருபத்திரண்டு வருடத்தில் என் குணத்துக்காகக் கிடைத்த ஒரே பதவி உயர்வு அது.

வேலை இப்படி இருந்தது. தொட்டியின் தலையில் இரண்டு வாய். ஒன்றில் ஆள் இறங்குவான், இன்னொன்றில் காற்று ஊதும் குழாய். மூடியைத் திறந்து அரை மணி நேரம் ஊத வேண்டும். பிறகு மீட்டரை நூலில் கட்டி இறக்க வேண்டும். நூலில் மூன்று இடத்தில் சிவப்புத் துணி முடிந்திருக்கும்: மேல், நடு, அடி. ஒவ்வொரு துணியிலும் நிறுத்தி, எண்ணை அட்டையில் எழுத வேண்டும். மூன்று வரி. மேடம் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஆள் இறங்கலாம். இறங்குபவனுக்கு மார்பிலும் தொடையிலும் வார்ப்பட்டை, அதில் கயிறு. வாசலுக்கு மேல் மூன்று கால் வைத்த தாங்கி, அதில் கயிற்றைச் சுற்ற ஒரு உருளை, உருளைக்கு ஒரு கைப்பிடி. ஒரு ஆளே சுற்றி எடுத்துவிடலாம்.

இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். ஆரம்பத்தில் "இசக்கி, இருக்கியா?" என்று கேட்பேன். "இல்ல, குத்தாலத்துல குளிச்சிட்டிருக்கேன்," என்று உள்ளிருந்து பதில் வரும். நான் சோப்பு வேணுமா என்பேன். மேடம் இதைக் கேட்டுவிட்டு விதியை மாற்றினார். கூப்பிட்டால் எண் சொல்ல வேண்டும். முதல் தடவை ஒன்று, அடுத்து இரண்டு, வரிசையாக.

ஒருமுறை மீட்டரை அடிவரை இறக்கும்போது நூல் நழுவி, அது ஈரக் கரிக்குள் விழுந்து செத்துப்போனது. புது மீட்டர் வர ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரமும் தொட்டியில் யாரும் இறங்கவில்லை, வேலை தேங்கிவிட்டது. புது மீட்டரை என் கையில் கொடுக்கும்போது மேடம் கேட்டது ஒரே கேள்விதான். "இதுக்கு நீச்சல் தெரியுமா?" அதற்குப் பிறகு தொட்டிக்குள் விழும் ஆளைவிட, தொட்டிக்குள் விழும் மீட்டரைப் பற்றித்தான் எனக்குக் கனவு வந்தது.

இனி அந்தத் திங்கட்கிழமை.

சனிக்கிழமை கழுவி வடியவிட்ட கரி, மூடிய தொட்டியில் ஞாயிறு முழுக்கக் கிடந்தது. திங்கள் காலையில் பார்த்தால் அடிவாய் அடைப்பு. நான் மூடியைத் திறந்து அரை மணி நேரம் ஊதினேன். மீட்டரை இறக்கினேன். மேல் துணியில் இருபது புள்ளி எட்டு. எழுதினேன். நடுத் துணியில் இருபது புள்ளி ஆறு. எழுதினேன். அடிக்கு இறக்கப் போகும்போது நூல் நனைந்து வழுக்கியது. கீழே கறுப்பாக ஈரம் பளபளத்தது. மேடத்தின் நீச்சல் கேள்வி ஞாபகம் வந்தது. மீட்டரை மேலே இழுத்துவிட்டேன்.

மூன்றாவது வரியில் இருபது புள்ளி ஐந்து என்று எழுதினேன்.

மேடம் வந்தார். "மூணும் பாத்தாச்சா?"

"பாத்தாச்சு மேடம்."

கையெழுத்துப் போட்டார்.

இசக்கி வார்ப்பட்டையை மாட்டிக்கொண்டான். திருவேங்கடத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறவன். என்னோடு வேலைக்குச் சேர்ந்தவன். புதன்கிழமை பரமசிவனுக்குப் பெண் பார்க்கப் புளியங்குடி போவதாக இருந்தார்கள். "மாப்ளே, நீயும் வா," என்றான் என்னிடம். "உன்னப் பக்கத்துல நிப்பாட்டுனா என் தம்பி கொஞ்சம் அழகாத் தெரிவான்." சொல்லிக்கொண்டே இறங்கினான். பரமசிவன் வெளியே கீழே, அடிவாய்ப் பக்கம் தண்ணீர்க் குழாயோடு நின்றான்.

கூப்பிட்டேன். ஒண்ணு. கூப்பிட்டேன். ரெண்டு. கம்பியால் குத்தும் சத்தம் சீராக வந்தது. அடைப்பு ஆழத்தில் இருந்ததால் கரியைத் தோண்டிப் பள்ளம் செய்து, அதற்குள் குனிந்து குத்திக்கொண்டிருந்தான். நாலு என்றான். அஞ்சு என்றான்.

அடுத்த தடவையும் "அஞ்சு" என்றான்.

"அஞ்சு சொல்லியாச்சு வே."

"அஞ்சுதான். போடா."

குத்தும் சத்தம் நின்றிருந்தது. இளைப்பாறுகிறான் என்று நினைத்தேன். அடுத்து கூப்பிட்டபோது, "ரெண்டு" என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான்.

நானும் சிரித்தேன். "எறங்குமுகமாப் போகுதே, ஏலம் விடுதியா?" என்று கேட்டேன். எங்கள் இருவருக்கும் இடையில் யார் எதைச் சொன்னாலும் அது கேலிதான். ஆக்சிஜன் குறைந்தால் முதலில் புத்திதான் தடுமாறும், குடித்தவன் மாதிரி சிரிப்பு வரும் என்று மேடம் இரண்டு தடவை வகுப்பு எடுத்திருக்கிறார். அந்த இரண்டு வகுப்பிலும் நான்தான் அப்படி ஆடிக்காட்டி எல்லாரையும் சிரிக்கவைத்தேன்.

பதில் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். பள்ளத்தில், கம்பியை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் போல உட்கார்ந்திருந்தான். தலை மட்டும் மெதுவாகச் சாய்ந்தது.

அதற்குப் பிறகு நான் செய்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். கழுத்தில் தொங்கிய விசிலை வாயில் வைத்து, ஊதுவதற்குப் பதிலாக இழுத்தேன். சங்கை அமுக்கினேன்; அது ஒன்றைத்தான் முதல் தடவையே சரியாகச் செய்தேன். கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினேன். மூன்று சுற்று சுற்றிய பிறகுதான் கயிறு தளர்வதைக் கவனித்தேன். இறக்கும் பக்கம் சுற்றியிருக்கிறேன். மாற்றிச் சுற்றினேன். கை வேர்த்து வழுக்கியது. சட்டையைக் கழற்றித் துடைக்கலாமா என்றுகூட யோசித்தேன்.

பரமசிவன் ஏணியில் ஏறி வந்தான். உள்ளே பார்த்தான். "வழிய விடுங்க அண்ணாச்சி," என்று ஒரு காலை வாசலுக்குள் விட்டான்.

போகாதே என்று சொல்ல வேண்டும். அதுதான் என் வேலையின் சாரமே. வாயைத் திறந்தேன். "அம்மா" என்று வந்தது.

மேடம் ஓடி வந்ததை அன்றுதான் பார்த்தேன். ஒரு காலில் செருப்பு இல்லை. ஏணியில் பாதி ஏறியபடியே, அதே குரலில் கேட்டார். "பரமசிவன், நீ உள்ள போனா உங்க அண்ணன் எந்த வழியா வெளிய வருவான்?"

அந்த வாய் ஒரு ஆள் அகலம்தான். பரமசிவன் வாசலைப் பார்த்தான், கயிற்றைப் பார்த்தான். காலை வெளியே எடுத்தான். என் கைமேல் கை வைத்துக் கைப்பிடியைச் சுற்றினான். அவன் அழுதுகொண்டே சுற்றினான். நான் எண்ணிக்கொண்டே சுற்றினேன், எதை எண்ணினேன் என்று தெரியவில்லை.

இசக்கியின் தலை வாசலுக்கு வந்தது. தோள் ஒருபக்கம் சிக்கியது. பரமசிவன் கையை நுழைத்துத் திருப்பி எடுத்தான். தொட்டிமேல் இருந்த மேடையில் கிடத்தினோம். உதடு நாவற்பழ நிறத்தில் இருந்தது. மேடம் ஆக்சிஜன் சிலிண்டரைக் கொண்டுவரச் சொல்லி முகத்தில் ஆக்சிஜன் முகமூடியை வைத்தார். நெஞ்சு ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தோம். ஏறியது. கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, முகமூடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்து ஏதோ சொன்னான். மேடம் முகமூடியை லேசாக விலக்கினார்.

"ஆறு," என்றான்.

ஆம்புலன்ஸ் வந்து கொண்டுபோனது. இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு அனுப்பினார்கள். பெண் பார்ப்பதை ஒரு வாரம் தள்ளிவைத்தார்கள். கம்பெனியில் அன்று மாலைக்குள் என்னைப் பற்றி ஒரே பேச்சு. பதறாமல் நின்றான், குதிக்காமல் நின்றான், விதிப்படி இழுத்தான். வெள்ளிக்கிழமை எனக்குப் பொன்னாடை போர்த்துவதாக முதலாளி சொல்லியனுப்பினார். பஸ்ஸில் எனக்கு இடம் கொடுத்தார்கள்.

மறுநாள் காலை மேடத்தின் அறைக்குப் போனேன். அட்டை மேசைமேல் இருந்தது.

"மேடம், மூணாவது நான் பாக்கல."

"பெறகு?"

"ரெண்டாவது துணியோட நிறுத்திட்டேன். மீட்டர் விழுந்திரும்னு பயம்."

"பெறகு?"

"இருபது புள்ளி அஞ்சுன்னு எழுதிட்டேன்."

"ஏன் அஞ்சு?"

"மேல உள்ளதவிடக் கொஞ்சம் கொறச்சு எழுதுனா நம்புவியன்னு."

மேடம் அட்டையை எடுத்துத் தன் கையெழுத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "பெறகு" வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"நம்புனேன்," என்றார்.

அறிக்கையில் நான் எழுதிய பொய்யையும், பார்க்காமல் கையெழுத்துப் போட்டதாகத் தன் தப்பையும் சேர்த்தே எழுதினார். பொன்னாடை நின்றுபோனது. நான் இரண்டு மாதம் மூட்டை தைத்தேன். அதற்குப் பிறகு இறங்குபவன் சட்டையிலும் ஒரு மீட்டர் மாட்டுவது என்றும், மூன்று எண்ணையும் ஒருவன் வாய்விட்டுப் படிக்க இன்னொருவன் எழுதுவது என்றும் விதி வந்தது. என்னைத் திரும்பவும் காவலுக்கு வைத்தார் மேடம். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவரும் ஏதாவது கேட்பார்.

இசக்கியிடம் அவன் வீட்டுக்குப் போய் நானே சொன்னேன். முழுவதும் கேட்டான். "டீயக் குடிச்சிட்டுக் கெளம்பு," என்றான். எட்டு மாதம் நான் வாசலில் நிற்கும் தொட்டியில் அவன் இறங்கவில்லை. பிறகு இறங்கினான். எண் மட்டும் சொல்வான், வேறு பேச மாட்டான். குத்தாலம் போவதில்லை.

ஆகவே தம்பிமாரே, போர்டில் ஒட்டுவதாக இருந்தால் இதை ஒட்டுங்கள். மீட்டரை நான் அடிவரை இறக்கவில்லை. இறக்கியதாக எழுதினேன். இசக்கி விழுந்தான். உடம்பில் கயிறு கட்டியிருந்ததால் வெளியே வந்தான். நான் உள்ளே குதிக்கவில்லை.